வன்னித் தேனும் பழந்தமிழர் தேறலும்



தமிழ் நிகண்டுகளைப் புரட்டுவோர் ஒரு வியப்பைக் காண்பர். தேனுக்கு உரிய பெயர்களிற் பல கள்ளுக்கும் உரியனவாய் நிற்கின்றன. நறவு என்றால் தேன்; நறவு என்றால் கள்ளுமாகும். மட்டு என்பதும் அவ்வாறே. பிரசம் என்பதும் அவ்வாறே. கள் என்னும் சொல்லே தேனைக் குறித்து வழங்கியதுண்டு. இது புலவர்கள் எதுகை மோனைக்காகச் செய்த குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருள் பிறந்ததைத் தம் கண்ணாற் கண்ட மக்களே இரண்டுக்கும் ஒரு பெயரை இட்டிருத்தல் கூடும். வடமொழியின் மது என்ற சொல்லும் தேனையும் குடிவகையையும் ஒருங்கே குறிக்கின்றது. ஆங்கிலேயர் தேனிலிருந்து வடிக்கும் பானத்துக்கு வழங்கும் மீட் என்னும் பெயர் அம் மது என்ற சொல்லோடு உடன்பிறந்தது என்பர் மொழிநூலார்.

இக்காலத்தில் தேனையும் முளைவிட்ட தானியத்தின் மாவையும் கூட்டி வீட்டிலேயே ஒரு பானம் வடிப்பது மேனாடுகளிற் பலருக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. நம்மவரிற் சிலரும் அதனைக் கேட்டு, இஃது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுகின்றனர். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அடங்கிய வன்னிப் பெருநிலம் தேனுக்குப் பெயர்பெற்றது. நெல்லுக்கும் குரக்கனுக்கும் அங்கே குறைவில்லை. அப்படியாயின், அந்நிலத்து மக்களிடம் இக்கலை இருந்ததா? இருந்ததாயின் எங்கே போயிற்று? இவ்வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில் நூற்சான்றைப் பார்ப்போம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னன் என்னும் தலைவனின் மலைநாட்டைப் பாடுவது. அவன் நாட்டு மலைவாணர் தம்மிடம் வரும் கூத்தரை எவ்வாறு உபசரிப்பர் என்று கூறுமிடத்தில், மூங்கிற் குழாயில் வார்த்து விளையவைத்த தேன் தேறலைப் புலவர் குறிப்பிடுகின்றார். அதனை அருந்திய பின் நறவையும் அருந்தலாம் என்கிறார். இந் நறவை நெல்லினாற் சமைத்தது என்பர் உரைகாரர். திருமுருகாற்றுப்படையிலும், குன்றிலே குரவை ஆடும் குறவர் மூங்கிலில் நெடுநாள் விளைந்த தேன் தேறலை உண்டு மகிழ்கின்றனர். புறநானூற்றில் ஆய் அண்டிரனின் மலைநாட்டைப் பாடும்போதும் மூங்கிலில் முற்றிய தேறல் வருகின்றது.

தேறல் என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். தேறுதல் என்பது தெளிதல். கலங்கிய நீர் தேறியது என்கிறோம். நோயாளி தேறினான் என்கிறோம். தேனை நீரிற் கரைத்து வைத்தால் முதலில் நுரைக்கும்; கலங்கும்; பல நாட்கள் கழிந்தபின் வண்டல் அடியிற் படிய, மேலே பளிங்கு போன்ற நீர் நிற்கும். அதுவே தேறல். அதனை வடித்தவன் எதற்காகக் காத்திருந்தான் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது.

இனித் தானியத்துக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அந்நூலில் எயினர் தம் வீட்டிலே ஆக்கிய தோப்பி என்னும் பானத்தைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. தோப்பி என்பது நெல்லாற் சமைத்த கள் என்பது உரை. ஆனால் அதைவிடச் சிறந்த சான்று, வலைஞர் குடியிருப்பை வருணிக்கும் பகுதியிற் கிடைக்கின்றது. அது வருணனை என்பதிலும் பார்க்க ஒரு செய்முறைக் குறிப்பு என்றே சொல்லலாம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அக்களியை வாயகன்ற பிழா என்னும் தட்டுப் பாத்திரத்திற் பரப்பி ஆறவிடுகின்றனர். பின்னர் நல்லடை என்னும் ஒன்றை அதிற் கலக்கின்றனர். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, பச்சை நாற்றம் நீங்க விளைந்தபின், வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர்.

இங்கே நல்லடை என்பது யாது? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை நெல்முளை என்று கொள்கின்றார். புலவர் அதற்குக் கூறும் உவமை அழகானது: பாம்பு வாழும் புற்றினுள்ளே காணப்படும் குரும்பி, அதாவது கறையான் கட்டிய கூட்டின் துளைபட்ட உட்பகுதி. நெல்லை நனைத்து முளைக்கட்டி உலர்த்திப் பார்த்தவர்களுக்கு இவ்வுவமை உடனே விளங்கும். வெண்ணிற வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, நெல்மணிகளையெல்லாம் ஓர் அடையாகப் பிணித்துவிடும். அடை என்ற சொல்லைக் காணுந்தோறும், கீழைநாட்டார் சோற்றுக் கள்ளுக்கு இடும் பூஞ்சண மாவுருண்டை போன்றது ஏதாயினும் ஆகுமோ என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு. எனினும் அந்த வேர்ப்பின்னலை நினைக்கும்போது, உரையாசிரியர் கொண்டதே பொருத்தமென்று அமைதியடைகின்றேன். இவ்வுரையோடு கூடிய பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அந்த ஓலைகள் அவர் கைக்கு எட்டாதிருந்திருப்பின், தமிழ்நாட்டு மீனவர் வீட்டின் சாடி ஒன்றில் நிகழ்ந்ததை நாம் இன்று இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்க மாட்டோம்.

முளைக்கட்டிய தானியத்தையே ஆங்கிலத்தில் மோல்ட் என்கின்றனர். அது செய்யும் வேலை என்ன? நெல்லிலும் குரக்கனிலும் பார்லியிலும் இருப்பது மாப்பொருள். நொதித்தலை உண்டாக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிருக்கு மாப்பொருளை உண்ணத் தெரியாது. வெல்லத்தையே அது உண்ணும். விதை முளைக்கும்போது, இளஞ்செடிக்கு உணவாகும் பொருட்டு, மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியம் ஒன்று விதையினுள் உண்டாகின்றது. பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் 1833ஆம் ஆண்டில் இதனை மோல்டிலிருந்து பிரித்தெடுத்து, அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிரின் செயலே என்பதை லூயி பாஸ்டர் நிலைநாட்டியது அதற்கும் சில பதிற்றாண்டுகள் பிந்தியே. வலைஞர் வீட்டுப் பெண் இவ்விரண்டையும் பெயர் அறியாமலே செய்தாள். களியை ஏன் ஆற்றவேண்டும்? கொதிக்கும் களியில் முளையைக் கலந்தால் நொதியம் அழிந்துவிடும். ஆற்றுவதற்கு ஏன் அகன்ற கலம்? விரைவில் ஆறாத களி புளித்துக் கெடும். விளையவைக்க ஏன் சாடி? காற்று மிகுதியாகப் புகுந்தால் கள் காடியாகும். ஒவ்வொரு படியும் பல சாடிகள் பாழான பின்னரே கற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

தேனின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதில் ஐந்தில் நான்கு பங்கு வெல்லமே; மதுவம் உண்பதற்கு எல்லாம் ஆயத்தமாக உண்டு. ஆனால் நீர் போதாது. கட்டித் தேனுள் விழும் நுண்ணுயிரின் உடலிலிருந்தே நீர் உறிஞ்சப்பட்டு அது செயலற்றுவிடும். ஆதலால் நல்ல தேன் ஆண்டுக்கணக்கிற் கெடாது. அதே தேனில் மூன்று நான்கு பங்கு நீரைச் சேர்த்துவிட்டால் நிலைமை மாறி, நொதித்தல் தொடங்கிவிடுகின்றது. ஆனால் தேன் தனித்து மெதுவாகவே நொதிக்கும். மதுவத்துக்கு வேண்டிய வேறு சத்துக்கள் அதில் மிகக் குறைவு. முளைத்தானியத்தின் கரைசல் அச்சத்துக்களை நிரம்பத் தரும். தேனும் மோல்டும் ஒன்றுக்கொன்று துணையாவது இதனாலேதான்.

இவ்விணைப்பு உலகிற் பழமையானது. சீனத்தின் ஹெனான் மாகாணத்திலுள்ள ஜியாஹு என்னும் இடத்தில் அகழ்ந்தெடுத்த மட்கலங்களின் உட்புறத்தில் ஒட்டியிருந்த எச்சத்தை ஆராய்ந்து, அரிசியும் தேனும் பழமும் சேர்ந்த பானம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்ததாக 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். துருக்கியிலுள்ள கோர்டியன் நகரத்தில் 1957ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அரச சமாதி ஒன்றிலிருந்த வெண்கலக் கலங்களில் திராட்சை மது, பார்லிக் கள், தேன் மது ஆகிய மூன்றும் கலந்த பானத்தின் எச்சம் காணப்பட்டது. அது கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்கு உரியது. வேல்ஸ் நாட்டார் தேனும் மோல்டும் கூட்டி வடித்த பானத்தை பிராகாட் என்றனர். அவர்கள் மொழியில் பிராக் என்றாலே முளைத்தானியம். பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், ஓர் இளம் பெண்ணின் இதழின் இனிமைக்கு இப்பானத்தை உவமை கூறும் அளவுக்கு அது இங்கிலாந்திலும் பரவியிருந்தது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு வன்னிக்குத் திரும்புவோம். இந்நிலத்தின் காடு வறண்ட காடு. பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் நிறைந்தது. பெருந்தேனீ உயர்ந்த கிளைகளிலே திறந்த அடைகளைத் தொங்கவிடும். மற்றொரு வகை மரப்பொந்துகளில் அடுக்கடுக்காக அடைகட்டும். சிறு புதர்களின் கொம்புகளில் ஒற்றை அடை கட்டும் சின்னஞ்சிறு தேனீயும் உண்டு. முடவன் ஆசைப்பட்டது எந்தத் தேனீயின் கொம்புத்தேனுக்கு என்று பழமொழி தெளிவாகச் சொல்லவில்லை. பெருந்தேனீயின் தேனாயின், நல்ல கால் உள்ளவனுக்கும் அது எளிதன்று.

1660ஆம் ஆண்டு முதல் கண்டியரசனின் சிறையாளனாக இருந்து, 1679ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அநுராதபுரத்துக் காடுகளினூடாக மல்வத்து ஓயாவைப் பின்பற்றி அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்ற ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இத்தீவின் தேனீக்கள் மூவகை என்று தம் நூலிற் குறித்தார். அந்நூல் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. ஊரார் திரண்டு காட்டுக்குச் சென்று, பந்தம் பிடித்துத் தேனெடுத்துத் திரும்புவதையும் அவர் கூறுகின்றார். வேடர் மான் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்துள் அடைத்து வைத்துப் பின்னர் உண்பர் என்பதும், யானைத் தந்தத்தோடு தேனும் மெழுகும் அரசனுக்குத் திறையாகச் செலுத்துவர் என்பதும் அவர் தரும் செய்திகள். நொக்ஸ் குறிப்பிடும் ஹுருலுப் பகுதி வன்னியின் தெற்கெல்லைக்கு அயலிலே உள்ளது. 1911ஆம் ஆண்டில் வேடரைப் பற்றிப் பெருநூல் எழுதிய செலிக்மன் தம்பதியர், மலைத்தேன் எடுப்போர் மான் தோலாற் செய்த பையில் அடைகளைச் சேர்த்ததை விவரித்துள்ளனர்.

இறைச்சியைக் காக்கத் தேன், திறை செலுத்தத் தேன், மருந்துக்குத் தேன். தேறலுக்குத் தேன் என்ற பேச்சு இங்கில்லை. வன்னியர் காலத்திலே இப்பானம் இங்கு விளைந்தது என்று கூறுவதற்குச் சான்று இல்லாதபோது, சங்கநூலின் குறிஞ்சிக் காட்சியை எடுத்து வன்னி மண்ணில் நட்டுவிடுவது வரலாறாகாது. ஊர்ப்பெருமை பேசும் ஆர்வத்தில் நம்மிற் சிலர் இத்தவற்றைச் செய்வதுண்டு. நன்னன் நாடு மலைநாடு. மூங்கில் செழித்த நாடு. வன்னியோ சமநிலம்.

ஆயினும் பொருள் இரண்டும் இருந்தும் பானம் பேசப்படாமைக்குக் காரணம் தேடவேண்டாவா? எனக்குப் படுவது பனைமரம். யாழ்ப்பாணத்திலிருந்து பளை, பூநகரிக் கரை வரையும் பனை ஓங்கி நிற்கின்றது. பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால், காலையிற் கள் ஆயத்தம். நெல்லை முளைக்கட்டவேண்டியதில்லை, களி துழாவவேண்டியதில்லை, காட்டிலே கரடியோடு போட்டியிட்டுத் தேனெடுக்கவும் வேண்டியதில்லை. கள்ளாகாமல் இனிப்பாகவே வேண்டுமாயின் முட்டியினுள் சிறிது சுண்ணாம்பு பூசினாற் போதும், கருப்பநீர் கிடைக்கும். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது அரிய தேனை நீரிற் கரைப்பவர் யார்? இதற்கு எதிர்ச்சான்றாக எதியோப்பியாவைப் பாருங்கள். அந்த மேட்டுநிலத்தில் பனையுந் தென்னையும் வழங்கும் கள் இல்லை. அங்கே தேனிலிருந்து வடிக்கும் தெஜ் என்னும் பானம் இன்றும் வீடுதோறும் ஆக்கப்படுகின்றது. நம் குரக்கனுக்கும் தாயகம் கிழக்காபிரிக்காவின் அம் மேட்டுநிலமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றைக் காரணங்களும் உண்டு. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. பின்வந்த சைவ ஒழுக்கம் குடியை இழிவாக்கியது. வள்ளி கதையில் முருகனுக்குத் தேனும் தினைமாவும் உகந்த படையல். குன்றக் குறவர் அவனைப் பாடி ஆடியபோது அருந்திய தேறலோ வழிபாட்டிலிருந்து மறைந்தது. தேனும் தானியமும் சேர்ந்தே நிற்கின்றன. நொதித்தல் ஒன்றே நீங்கிவிட்டது. கடைசியாக வந்தது சட்டம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி வெறிதரும் பானம் ஆக்குவதைக் குற்றமாக்கியது. 1881ஆம் ஆண்டில் நுவரெலியாவில் தொடங்கப்பெற்ற மதுபானத் தொழிற்சாலை மோல்டிலிருந்து பியர் வடித்து விற்க முடிந்தது; அதே வேலையை வன்னி வீட்டார் ஒருவர் தம் அடுக்களையிற் செய்தால் வழக்கு. இங்கிலாந்து 1963ஆம் ஆண்டிலும், அமெரிக்க ஐக்கிய நாடு 1978ஆம் ஆண்டிலும் வீட்டுப் பியருக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தின. நம் நாட்டில் அது தளரவில்லை. ஆகவே இவ்வுரையைக் கேட்டு எவரும் சாடியைத் தேடப் புறப்படவேண்டாம்.

சட்டம் தளர்ந்தால் நன்றாகுமா என்று கேட்பீர்களாயின், எளிதில் ஆமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2009ஆம் ஆண்டில் முடிந்த போர் வன்னியை வெறுமையாக்கியது. மீண்டு வந்து கூரையிட்ட குடும்பங்களிற் பலவற்றின் அமைதியைக் கசிப்பு கெடுத்திருக்கின்றது. கசிப்பு பழைய வீட்டுக் கலையின் பிள்ளையன்று. சீனியையும் மதுவத்தையும் பீப்பாயில் இட்டு விரைவாகப் புளிக்கவைத்துக் காய்ச்சி இறக்குவது. விருந்தினனுக்கென்று மூங்கிலில் நெடுநாள் விளையவைத்ததற்கும் இதற்கும் உறவில்லை. ஆயினும் கணவன் குடித்து வரும் வீட்டுப் பெண்ணிடம் இந்த வேறுபாட்டை எடுத்துரைக்க யாருக்குத் துணிவு வரும்?

வரலாற்றுக்கு வேண்டிய விடை வேறோர் இடத்திலும் கிடைக்கக்கூடும். கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியில் ஆதி இரும்புக்காலத்துக் கறுப்புச் சிவப்பு மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன, பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அப்பகுதியை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஜியாஹுக் கலங்களிற் செய்தது போன்ற எச்ச ஆராய்ச்சியை இத்தகைய ஓடுகளிலும் செய்தல் இயலும். மெழுகும் மாப்பொருளும் ஓட்டின் துளைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கக்கூடியன.

அதுவரை, தேன் நொதிக்கும் கலை நம்மிடம் முற்றாக அழிந்துவிட்டது என்று எண்ணிவிடவேண்டாம். வைத்தியர் வீட்டு மூலையிலே வாய்கட்டி நிற்கும் அரிட்டச் சாடியை நோக்குங்கள். தசமூலாரிட்டத்துக்கு மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும் தேனும் கரைத்து, தாதகிப்பூவை இட்டு, மண்பூசி மூடி ஏறத்தாழ ஒரு திங்கள் வைத்திருப்பர். அப்பூவோடு வரும் மதுவமே உள்ளே தொழில் புரிகின்றது. திறக்கும்போது கிடைப்பதில் மதுசாரம் உண்டு. அதனை நாம் மருந்து என்றே அளந்து, கரண்டியில் வாங்கிக் குடிக்கின்றோம். பத்தியக்காரப் பாட்டிகளும் முகஞ்சுளிக்காமல் அருந்துவர்.

இன்னொன்று. மாரிக்கு முன் ஈரமான அடையிலிருந்து பிழிந்த காட்டுத்தேனில் நீர் சற்று மிகுந்திருக்கும். அதனைப் போத்தலில் இட்டு இறுக்கி மூடி வைத்த வன்னி வீட்டார், சில கிழமைகளில் மூடி மேலெழுவதையும், தேனின்மேல் வெண்ணுரை படர்வதையும் காண்பர். தேன் பொங்கிவிட்டது என்று சொல்லிப் போத்தலைத் திறந்து, இளவெந்நீரில் வைத்துச் சூடுகாட்டி அதனை அடக்குவர்.